யாருடைய கைக்கு எடுத்த அளவு

இரண்டு அடி ஒன்பது அங்குலம். 1985 ஜனவரியில் ஒரு காலை, மாத்தளை டவுன் பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், தையற்காரி மஸீஹாவின் சமையலறை நிலைக்காலில் அந்த உயரத்தில் ஒரு பென்சில் கோடு விழுந்தது. கோட்டை இழுத்தவர் அவளுடைய கணவர் றஹீம். அவர் தச்சர். தச்சரை அந்தப் பக்கம் 'பாஸ்' என்பார்கள். பிறந்தபோதே வைத்த பெயர்போல ஊருக்கெல்லாம் அவர் றஹீம் பாஸ்தான்.

"இங்கின வந்து நில்லு," என்றார். "நிமிந்து நில்லு. கைய முன்னுக்கு நீட்டு. அவ்வளவு விறைப்பா வேணாம்."

மஸீஹா இடியப்ப மா ஒட்டிய கையை நீட்டினாள். உள்ளங்கைக்குக் கீழே பென்சில் சர்ரென்று ஓடியது.

"மேசைக்கா?" என்று கேட்டாள்.

"ம்," என்றார் றஹீம். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த ஒற்றை "ம்"மை வைத்துக்கொண்டு மஸீஹா பல நாள் சந்தோஷமாக இருந்தாள்.

அவள் அப்படி எளிதில் சந்தோஷப்படுகிறவள் அல்ல. உக்குவளையில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற பலீலின் நடு மகள். பதினெட்டு வயதில் கல்யாணமாகி டவுனுக்கு வந்தாள். வந்த வருடமே ஒரு பழைய தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள், நாற்பதைத் தாண்டியும் எழும்பவில்லை. பெருநாளைக்கு ஒழுங்கை உடுத்தும் சட்டைகளில் பாதி அவள் கையால் வந்தவை. தைப்பது அவளுக்கு ஒரு பாடில்லை. துணி வெட்டுவதுதான் பாடு. தரையில் பாய் விரித்து, முழங்காலில் நின்று, குனிந்து குனிந்து வெட்ட வேண்டும். பெருநாள் முடியும்போது முதுகு இரண்டாகப் பிளந்திருக்கும். நின்றபடி வெட்ட ஒரு மேசை வேண்டும் என்று அவள் கேட்கத் தொடங்கியபோது மகள் ஆஸியா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஆஸியா கல்யாணமாகி வரக்காமுறையில் இருக்கிறாள். மேசை மட்டும் வந்து சேரவில்லை.

மரத்துக்கும் குறைவில்லை. கல்யாணத்துக்குக் கட்டில் செய்யவென்று பலீல் வாங்கிக் கொடுத்த ஹல்மில்ல மரத்தில் ஓர் அகலப் பலகை மிஞ்சியிருந்தது. தேன் நிறம், கல்லுப்போல் உறுதி. அதே கட்டிலுக்கு அடியில் அத்தனை வருடமும் கிடந்தது. வீடு கூட்டும்போதெல்லாம் மஸீஹா அதை இழுத்து ஈரத்துணியால் துடைத்து மறுபடி உள்ளே தள்ளுவாள். மேசைக்கு மேல்பலகை அதுதான் என்பது அவள் மனதில் எப்போதோ முடிவான விஷயம்.

கோடு விழுந்த சில நாளில் கட்டிலுக்கடியில் பலகை இல்லை. மஸீஹா வாயே திறக்கவில்லை. எங்கேயோ மறைவாக வைத்துச் செய்கிறார், முடித்து ஒரு நாள் கொண்டுவந்து இறக்குவார், அப்போது ஒன்றும் தெரியாதவள்போல ஆச்சரியப்பட வேண்டும் என்று முடிவெடுத்துக்கொண்டாள். ஆச்சரியப்படும் முகம் எப்படி இருக்கும் என்று ஒருதரம் கண்ணாடியில் பார்த்தும் வைத்தாள்.

மஸீஹாவின் பொறாமை ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்தது. 1974இல் ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில், றஹீம் தனக்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண்ணுக்கு இடம் விட்டுவிட்டார். அவர் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்தது. அன்று அந்தப் பாணை மஸீஹா தொடவில்லை. பசியோடு படுத்தவள் அவள்தான். ஆனாலும் அன்றிலிருந்து வீட்டில் பாண் வெட்டும்போதெல்லாம், "நர்ஸம்மாவுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கவா?" என்று கேட்பாள். றஹீம் பதில் சொல்வதில்லை. அவர் எதற்குமே பெரிதாகப் பதில் சொல்வதில்லை. பேச்சில்லாத மனிதரோடு வாழும் பொறாமைக்காரிக்கு வேலை அதிகம். எல்லாவற்றையும் அவளே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஜனவரியில் றஹீம் அலுவிகாரையில் ஒரு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். தபால் கந்தோரில் வேலை செய்யும் பாலேஸ்வரி மிஸ்ஸின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், தனியாக இருந்தார். வீடு ஏ-நைன் றோட்டுக்கு மேலே ஒரு மேட்டில். றோட்டிலிருந்து ஏறுவதற்கு வெட்டவெளியில் சீமெந்துப் படிகள். 83 கலவரத்தில் அந்த வீட்டு முன்கதவை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஊருக்குப் போன மிஸ் மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது புதுக் கதவு போட்டுக் கொடுத்தவர் றஹீம். "பாஸ், உந்தப் படிக்கும் ஒரு கைப்பிடி போட்டால் நல்லது" என்று அப்போதே மிஸ் கேட்டிருந்தார். றஹீம் "ம்" என்றிருந்தார். அதோடு விஷயம் நின்றது. மார்கழி மழையில் பாசி பிடித்த படியில் சறுக்கி விழுந்து மிஸ்ஸின் கணுக்கால் முறிந்தது. செய்தி கேட்ட மறுநாளே றஹீம் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

இவ்வளவும் மஸீஹாவுக்குத் தெரியும். அதில் அவளுக்கு ஆட்சேபனை இருக்கவில்லை. கால் உடைந்த மனுஷி, பாவம்.

முதலில் வந்தது பருப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டில், யாரும் கேட்காமலே றஹீம் வாயைத் திறந்தார்.

"பருப்புக்குக் கொஞ்சம் பெருங்காயம் போட்டா நல்லா இருக்கும் போல."

மஸீஹாவின் கை கரண்டியோடு நின்றது. கல்யாணமான நாளிலிருந்து கறியைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து அது.

"எங்க சாப்பிட்டீங்க?"

"மிஸ் வீட்டுல."

"அங்க சாப்பிடுறீங்களா?"

"மரக்கறிதானே."

ஹலாலா ஹராமா என்று அவள் கேட்கவில்லை. அவர் அதற்குத்தான் பதில் சொன்னார்.

அடுத்து வந்தது லொறி. பக்கத்து வீட்டு நாச்சியாவின் மருமகன் இத்ரூஸ், மரக்கறி ஏற்ற நாள்தோறும் தம்புள்ளைக்கு லொறி ஓட்டுகிறவன். போகும்போதும் வரும்போதும் அலுவிகாரை வளைவில் வேகம் குறைப்பான். அந்த வளைவுக்கு மேலேதான் மிஸ்ஸின் படிகள். கோவாவும் கரட்டும் தம்புள்ளைப் பூசணியும் எப்படி வந்தனவோ அப்படியே செய்தியும் லொறியில் வந்தது. அதை இறக்கி, பிரித்து, வேலிக்கு மேலால் கொடுப்பது நாச்சியாவின் பொறுப்பு.

"புள்ள மஸீஹா, மிஸ் சாய்மனைக் கதிரையில காலத் தூக்கி வெச்சிக்கிட்டுப் பேப்பர் வாசிக்கிறாவாம். ஒன்ட மாப்பிள்ளை பக்கத்துல மரம் இழைச்சிக்கிட்டே கேக்குறாராம்."

"காதுதானே கேக்குது ராத்தா. கேக்கட்டும்."

மறுநாள்: "சிரிக்கிறாராம் புள்ள."

"யாரு?"

"வேற யாரு, ஒன்ட மாப்பிள்ளைதான். பல்லுத் தெரியச் சிரிச்சாராம். இத்ரூஸ் கண்ணால கண்டானாம்."

மஸீஹா அன்று ஒரு பாவாடைக்கு இரண்டு பக்கமும் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்து, மறுபடி பிரித்தாள். றஹீமின் பல்லை அவள் கடைசியாகப் பார்த்தது ஆஸியாவின் கல்யாணத்தில்.

அதற்கு மறுநாள் நாச்சியா வேலியருகே வரும்போதே குரல் வந்தது.

"வேலைன்னா வேலை புள்ள! மேல் கட்டைய இன்னைக்குத்தான் பூட்டுறாராம். இத்ரூஸ் லொறிய நிப்பாட்டியே பாத்தானாம். தேன் கலர், வெயில்ல மின்னுதாம். ஹல்மில்லயாம்! காட்டுப் பக்கம் மரத்துக்குப் போகப் பயந்து மர டிப்போவெல்லாம் காலியாக் கிடக்குற நேரத்துல எங்க தேடிப் புடிச்சாரோ!"

ஊசி விரலில் ஏறியதுகூட மஸீஹாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கல்ல," என்று நாச்சியா தொடர்ந்தாள். வேலிக்கு மேலால் இன்னும் கொஞ்சம் எக்கி வந்தாள். "கைப்பிடின்னா கை உயரம் பாக்கணுமே. அந்த மிஸ்ஸோ நிக்க ஏலாம உக்காந்திருக்கிறா. எப்பிடி அளந்தாரோ? கையப் புடிச்சித் தூக்கி நிப்பாட்டித்தான் அளந்திருக்கணும். வேற வழி?"

"அவருக்குக் கண்ணளவு போதும் ராத்தா."

"கண்ணால பாத்தாலும் பாத்ததுதானே," என்றாள் நாச்சியா.

சமையலறைக்குள் வந்து மஸீஹா நிலைக்காலைப் பார்த்தாள். பென்சில் கோடு அப்படியே இருந்தது. தன்னை ஏமாற்றிச் சும்மா வைக்கத்தான் அந்தக் கோட்டை இழுத்தார் என்று தோன்றியது. அல்லது, உண்மையாகவே மேசைக்கென்று நினைத்து இழுத்து, பலகையை வெளியே எடுத்து, அங்கே போய் அந்த மிஸ்ஸின் முகத்தைப் பார்த்ததும் மனம் மாறியிருக்கிறார். இரண்டாவது யோசனை முதலாவதைவிடக் கூடுதலாகச் சுட்டது. தையல் நாடாவை எடுத்து, தரையிலிருந்து கோடுவரை தானே அளந்து பார்த்தாள். இரண்டு அடி ஒன்பது அங்குலம். ஈரத்துணியால் தேய்த்தாள். கோடு போகவில்லை.

அன்று மாலை றஹீம் முகம் கழுவிவிட்டு வரும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த மிஸ்ட கை எப்பிடி?"

"கையா?" றஹீம் துவாயை இறக்கினார். "கால்தானே ஒடஞ்சது."

"சும்மா கேட்டேன்."

இனி ஊகிக்க முடியாது, நேரில் பார்த்தாக வேண்டும் என்று மஸீஹா தீர்மானித்தது அந்த நிமிடத்தில்தான். அந்தக் கையை அவர் பிடித்தாரா இல்லையா. அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். ஜும்ஆவுக்கு ஒழுங்கையின் ஆண்கள் எல்லோரும் பள்ளியில் இருப்பார்கள். தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு எழும்பினாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கழுத்தில் தொங்கிய நாடாவைக் கழற்ற மறந்துபோனாள்.

வழியில் ஆமி லொறிகள் வரிசையாக வடக்கே போயின. பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றது. உள்ளே அத்தனை சனமும் பேச்சை நிறுத்தி மூச்சை அடக்கி இருந்தது. மஸீஹா மட்டும், இவன் இன்னும் எடுக்கிறானில்லையே என்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

வளைவில் இறங்கியதும் கைப்பிடி கண்ணில் பட்டது. இத்ரூஸ் பொய் சொல்லவில்லை. மழைக்கால வெயிலில் அது தேன்போல மின்னிக்கொண்டு படியோடு மேலே ஏறியது.

அவள் குறை தேடினாள். தச்சரின் மனைவிக்கு எங்கே தேட வேண்டும் என்று தெரியும். கால்கள் பலா மரம். அவற்றைச் சீமெந்துக்குள் நேரே புதைக்காமல், பட்டறையில் வளைத்த இரும்புப் பட்டைகளைப் படியில் பதித்து, அவற்றில் கால்களை நிறுத்தி ஆணி முறுக்கியிருந்தார். கால் அடியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. தண்ணீர் தேங்காது, மரம் உக்காது. மேல் கட்டையின் முதுகு உருட்டி இழைக்கப்பட்டிருந்தது, மழை வழிந்தோட. பலகையை நீளவாக்கில் கிழித்து முனைக்கு முனை சேர்த்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் தடக்கவில்லை. அடிப்பக்கத்தைக்கூட அரத்தாள் போட்டு வழுவழுவென்று தேய்த்திருந்தார். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? விரல் படுமே என்று தேய்த்திருக்கிறார். யாருடைய விரல்?

ஒரு குறையாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். சொந்த வீட்டுக் கழிவறைக் கதவுக்குக் கொண்டியாகக் கயிற்றைக் கட்டிய மனிதர் இவர்.

மஸீஹா ஏறத் தொடங்கினாள். முதல் படியில் கால் வைத்ததும் கை தானாகப் போய்க் கட்டையின்மேல் உட்கார்ந்தது. எட்டவும் இல்லை, தாழவும் இல்லை. இரண்டாம் படி, மூன்றாம் படி. தோள் தூக்க வேண்டியிருக்கவில்லை, இடுப்பு வளைய வேண்டியிருக்கவில்லை. வேறு ஒருத்திக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தால் அது அச்சாக உடம்பில் விழுந்தது போலிருந்தது. அவள் நின்றாள். தையற்காரிக்கு அப்படித் தற்செயலாக எதுவும் விழாது என்று தெரியும்.

அப்போதுதான் கழுத்தில் கிடந்த நாடா கையில் தட்டுப்பட்டது. படியின் விளிம்பிலிருந்து கட்டையின் முதுகுவரை பிடித்துப் பார்த்தாள்.

இரண்டு அடி ஒன்பது அங்குலம்.

முதலில் ஒரு நிம்மதி வந்தது. அளந்தது தன் கையை. அந்த மிஸ்ஸின் கையை அல்ல. நிம்மதி நெஞ்சுவரை இறங்குவதற்குள் அதன் பின்னாலேயே கோபம் வந்தது. வாப்பா தந்த மரம். தன் உடம்பின் அளவு. இரண்டையும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்து இன்னொருத்தியின் வாசலில் நாட்டியிருக்கிறார்.

"ஆரது?"

மேலே கதவடியில் பாலேஸ்வரி நின்றார். காலிலிருந்து கட்டு எடுத்து ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். ஒரு கையில் ஊன்றுகோல். முழுகிய தலையை விரித்துப் போட்டிருந்தார். மஸீஹா எதிர்பார்க்காதது ஒன்றுதான். மிஸ் உயரம். சாதாரண உயரமில்லை, நிலையில் தலை இடிக்குமோ என்று தோன்றும் உயரம்.

"றஹீம் பாஸ்ட வீட்டாக்கள்," என்றாள் மஸீஹா.

"மஸீஹாவோ! வாங்கோ, வாங்கோ. ஏன் படியில நிக்கிறியள்? இருங்கோ, நான் வாறன்."

"இறங்காதீங்க மிஸ்."

மிஸ் இறங்கினார். இறங்கும்போது மஸீஹா பார்த்தாள். கட்டையைப் பிடிப்பதற்காக அவர் ஒரு பக்கமாகச் சரிந்து, விழுந்த சாமானைப் பொறுக்குகிறவர்போலக் குனிந்து குனிந்து வந்தார். அந்த அழகான உயரம் முழுவதும் தன் அளவுக்கு முன்னால் வளைவதைப் பார்க்க மஸீஹாவுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. அதை அவள் மறைக்கவும் பார்க்கவில்லை.

"கைப்பிடி நல்லா இருக்குதா மிஸ்?"

"வடிவாயிருக்கு. சரியான வடிவு." மிஸ் மூச்சு வாங்கினார். "கொஞ்சம் பதிவு, குனிஞ்சுதான் பிடிக்கவேணும். அவ்வளவுதான். பாஸிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. பாவம் மனுசன், இவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறார். நான் சொல்லேல்லை."

"ஒங்க கைய அளக்கலியா?"

"எங்கை! நானும் கேட்டனான், 'பாஸ், அளவு எடுக்கேல்லையோ' எண்டு. 'தேவையில்ல மிஸ், அளவு இருக்கு' எண்டார். அவரிட்ட அதுக்கு மேல ஒரு கதை எடுக்கலாமோ? பேப்பரில வாற பகிடியை வாசிச்சுக் காட்டினால் சிரிப்பார். அவ்வளவுதான். வீட்டிலையாவது கதைப்பாரோ?"

"இல்ல மிஸ்," என்றாள் மஸீஹா. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே நிலைமை என்பது அவளுக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருந்தது. "அந்த அளவு என்ட அளவு."

"என்ன?"

"என்ட கை. எங்க அடுப்படியில என்னய நிப்பாட்டி எடுத்த அளவு. மரமும் என்ட. எங்க வாப்பா தந்த பலகை."

மிஸ் அவளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து ஒரு அடி முன்னால் வைத்தார். ஊன்றுகோல் பாசியில் சறுக்கியது. அவருடைய இடது கை கட்டையைத் தேடிப் போனது. கட்டை இருக்க வேண்டிய இடத்தில் காற்றுத்தான் இருந்தது. மூன்றரை அங்குலம் கீழே கிடந்தது கைப்பிடி.

மஸீஹா எட்டிப் பிடித்தாள். மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்தாள். மிஸ்ஸின் பாரம் முழுவதும் ஒரு கணம் அவள் தோளில் இறங்கியது. இரண்டு பேரும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊன்றுகோல் தடதடவென்று உருண்டு றோட்டோரம் போய் விழுந்தது.

கடைசியில் அந்தக் கையைப் பிடித்தது மஸீஹாதான்.

ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இந்தப் பெண் குனிந்து வந்தது அவளுக்கு இனித்தது. இப்போது அவரைக் குனியவைத்த அந்தத் தாழ்வே மறுபடியும் கணுக்காலை முறித்திருக்கும், அல்லது கழுத்தை. அதுவும் தன்னுடைய அளவில் இருந்த கட்டையால்.

"எழும்புங்க மிஸ்," என்றாள். "மெதுவா. அந்தச் சமபடியில நில்லுங்க. நேரா நில்லுங்க. கைய நீட்டுங்க."

"ஏன்?"

"நீட்டுங்க. விறைப்பா வேணாம்."

ஜும்ஆ முடிந்து, வார்னிஷ் டப்பாவும் தூரிகையுமாக றஹீம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தன் மனைவி மிஸ்ஸின் கைக்குக் கீழே நாடாவைப் பிடித்துக்கொண்டு படியில் குந்தியிருப்பதைக் கண்டார். டப்பாவைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"நீ இங்க என்ன செய்றே?"

"ஒங்க வேலையத்தான்," என்றாள் மஸீஹா, நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு அடி, அரை அங்குலம். ஆள நிப்பாட்டி அளவெடுக்காம உலகத்துல யாராவது கைப்பிடி போடுவாங்களா? ஒரு சட்டை தைக்கிறவளுக்குப் புருஷனா இருந்தும் இது தெரியாதா?"

"நான் எடுக்கல்ல," என்றார் றஹீம். "வெளிப் பொம்பளய நான் நிமிந்து பாத்ததில்ல. ஒன் உசரம்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

"யாரக் கேக்குறது? வெளிப் பொம்பளய எழும்பி நில்லுங்க, கைய நீட்டுங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது?"

"என்னயக் கேட்டிருக்கலாமே."

றஹீம் வார்னிஷ் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மிக நீளமான பேச்சை அவர் அங்கே, ஏ-நைன் றோட்டோரம், லொறிகள் போக வரப் பேசினார்.

"ஒன்னயக் கூப்பிட்டு நிப்பாட்டினேன். நீ மேசைக்கான்னு கேட்டே. மொகத்தப் பாத்தேன். இல்லன்னு சொல்ல வாய் வரல்ல. மத்த மரம் ஒண்ணும் மழையில நிக்காது. டிப்போவுல தேடிட்டேன், இல்ல. போன வருஷமே போட்டுக் குடுத்திருந்தா மிஸ் விழுந்திருக்க மாட்டாங்க. பலகைய எடுத்தேன். அதயும் சொல்லத்தான் இருந்தேன். நீ ஒண்ணும் கேக்கல்ல. நானும் சொல்லல்ல."

மஸீஹாவுக்குக் கண்ணாடியில் பார்த்து வைத்த அந்த ஆச்சரிய முகம் ஞாபகம் வந்தது. வெட்கத்தில் கழுத்துவரை சூடேறியது. அதை அவர் காணக்கூடாது என்பதற்காக உரத்துப் பேசினாள்.

"சும்மா நிக்காம மிஸ்ட கோல எடுத்துட்டு வாங்க."

றஹீம் றோட்டோரம் போனார்.

"மஸீஹா," என்றார் பாலேஸ்வரி தாழ்ந்த குரலில், "உங்கட மரத்தைக் கழட்டித் தரச் சொல்லுறன். எனக்கு வேற ஏதும் போடட்டும். கம்பியெண்டாலும் பரவாயில்லை."

மஸீஹா கட்டையைத் தடவினாள். எடுத்துப்போய் என்ன செய்வது? கிழித்த பலகை மறுபடி பலகையாகாது. மேலும், அவளுக்கு வேறொரு யோசனையும் ஓடியது. இந்த மிஸ் இனி ஒவ்வொரு தரம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது யாருடைய மரம் என்று நினைப்பார்.

"இருக்கட்டும் மிஸ்," என்றாள். "கட்டைக்குக் கீழ உள்ள கால்கள மட்டும் மாத்தச் சொல்லுங்க. என்ட அளவு இங்க வேணாம்."

அடுத்த கிழமை கால்களெல்லாம் புதிதாக அறுபட்டன. மேல் கட்டை அதேதான், மூன்றரை அங்குலம் உயர்ந்து உட்கார்ந்தது. இத்ரூஸ் லொறியிலேயே பழைய கால்கள் ஒழுங்கைக்குத் திரும்பின. அவை மஸீஹாவின் உயரத்துக்கென்று அறுத்தவை. படியின் சரிவுக்கு ஏற்ப வெட்டியிருந்த தலைகளுக்கு றஹீம் ஆப்புக் கட்டை வைத்து நேராக்கினார். நாலு கால் நின்றது. மேலே போட வேறு பலகை இல்லாததால் தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து அடித்தார். நின்றபடி துணி வெட்ட அச்சான உயரம்.

"இப்ப சந்தோஷம்தானே புள்ள?" என்று நாச்சியா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"என்ன சந்தோஷம் ராத்தா? அவங்க படிக்கு ஹல்மில்ல. என்ட மேசைக்குத் தேயிலைப் பெட்டி."

"அது சரி. நீ போய் அந்த மிஸ்ட கைய ஏன் அளந்தே?"

"நான் அளக்காட்டி அவர்தானே அளக்கணும்," என்றாள் மஸீஹா.

அந்தப் பதில் நாச்சியாவுக்கே போதுமானதாக இருந்தது. ஆனாலும் செய்தியென்று ஒன்று இல்லாமல் அவள் வேலியை விட்டுப் போவதில்லை. இத்ரூஸ் சொன்னானாம். நாலந்தாவில் மங்கையற்கரசி என்று ஒரு டீச்சரம்மா, வீட்டுக்கு முன்னால் இதேபோல சீமெந்துப் படி. அலுவிகாரையில் பஸ்ஸிலிருந்து கைப்பிடியைக் கண்டுவிட்டு, செய்தவர் யார் என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறாவாம்.

உள்ளே உளி தீட்டிக்கொண்டிருந்த றஹீம் "ம்" என்றார்.

"எத்தனை வயசாம் அந்த டீச்சருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மஸீஹா மேசையிலிருந்து நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டாள்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் நாலந்தாவுக்குப் போனார்கள். அதன்பிறகு பெண்கள் இருக்கும் எந்த வீட்டிலும் றஹீம் பாஸ் அளவெடுக்கவில்லை. மஸீஹாதான் எடுத்தாள்.